விடுமுறையில் நாயைக் கூட்டிப்போவதா, விட்டுப்போவதா? டர்பன் கேரவன்காரர்களுக்கு

கேள்வி, 2025 அக்டோபர் 12

டர்பனின் பீனிக்ஸ் பகுதியிலிருந்து எழுதுகிறேன். டிசம்பரில் காருக்குப் பின்னால் கேரவனை இழுத்துக்கொண்டு, கேரவன் கிளப்போடு முதல் தடவையாகத் தென்கரைக்குப் போகிறோம். எங்களிடம் ஐந்து வயது ரிட்ஜ்பேக் கலப்பு நாய் இருக்கிறது. வீட்டிலேயே விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். பக்கத்து வீட்டுக்காரர் தினமும் சோறு வைத்துவிடுவார், நாயும் வீட்டைக் காத்துக்கொள்ளும். மனைவிக்கு இதில் சம்மதமில்லை. கேரவனோடு போய்ப் பழகியவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில், அக்டோபர் 13, காலை

மனைவி சொல்வதைக் கேளுங்கள் தம்பி.

ஆள் இருக்கிற வீட்டைத்தான் நாய் காக்கும். ஆளில்லாத வீட்டில் அதற்கு யார் காவல்? டிசம்பரில் திருடர்கள் முதலில் பார்ப்பது எந்த வீட்டில் கேரவனைக் காணோம் என்பதைத்தான். கேரவன் நின்ற இடத்தில் காய்ந்த புல் மட்டும் சதுரமாகத் தெரிந்தால் தெருவுக்கே சேதி தெரிந்துவிடும். அப்புறம் மதில் மேலாக விஷம் வைத்த ஒரு துண்டு பொலோனி இறைச்சி வந்து விழும்.

இங்கே அந்த விஷத்தை 'டூ ஸ்டெப்' என்பார்கள். ஆல்டிகார்ப் என்ற பூச்சிக்கொல்லி. கசகசா அளவில், கறுப்பாக, பொடி மணிகளாக இருக்கும். தடை இருந்தும் தெருவோரத்தில் எலிமருந்து என்று விற்கிறார்கள். தின்ற கொஞ்ச நேரத்திலேயே நாய்க்கு எச்சில் ஒழுகும், வாந்தியும் பேதியும் வரும், உடம்பெல்லாம் தசை துடிக்கும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கிவிடும். வெட்டிடம், அதாவது கால்நடை மருத்துவரிடம், இதற்கு அட்ரோபின் ஊசி உண்டு. நேரத்தோடு கொண்டுபோனால் பிழைக்கிற நாய்கள் நிறைய. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் காலை ஏழு மணிக்குச் சோறு வைத்துவிட்டு வேலைக்குப் போயிருப்பார். ஒன்பது மணிக்கு அது துடிப்பதை யார் பார்ப்பது?

எங்கள் தெருவில், சாட்ஸ்வொர்த்தில், ஒரு கிறிஸ்துமஸ் சமயம் இரண்டு வீட்டு நாய்கள் ஒரே ராத்திரியில் இப்படிப் போயின. இரண்டு வீட்டிலும் ஆளில்லை. அதில் ஒன்று எங்கள் வீட்டு கேட்டில் வந்து நின்று ரொட்டி கேட்கிற நாய். அதனால்தான் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை.

அக்டோபர் 13, இரவு

காலையில் எழுதியதைப் படித்த இரண்டு பேர், "அப்படியானால் எல்லா நாயையும் கூட்டிப்போகச் சொல்கிறீர்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். அப்படிச் சொல்லவில்லை. நாயைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எங்கள் ராணிக்குக் காரில் ஏறுவதென்றால் உயிர். கேரவன் கொக்கியை மாட்டும் சத்தம் கேட்டாலே ஓடிவந்து கதவோரம் உட்கார்ந்துவிடும். அதோடு வளர்ந்த மணி அப்படியில்லை. புது இடம் என்றால் தண்ணீர் குடிக்காது, இரவு முழுக்க மூச்சிரைக்கும், யார் நடந்தாலும் எழுந்து நிற்கும். ஒரு வாரம் அதை முகாமில் வைத்திருப்பது அதற்குச் செய்கிற கொடுமை. மணியை என் தங்கை வீட்டில் விடுவோம். தங்கைக்கு முடியாத வருஷம் அவள் மகன் எங்கள் வீட்டிலேயே வந்து தூங்குவான்.

உங்கள் நாய்க்கு எது சரி என்று தெரியாவிட்டால் இப்போதே ஒரு வார இறுதிக்குப் பக்கத்தில் எங்காவது கூட்டிப்போய்ப் பாருங்கள். டிசம்பர் நெரிசலில் போய்ச் சோதிக்காதீர்கள். நாய் விடுதியில் விடுவதாக இருந்தால் இன்றைக்கே போன் செய்யுங்கள். நல்ல விடுதிகளில் டிசம்பருக்கான இடம் ஆகஸ்டு, செப்டம்பரிலேயே போய்விடும். கென்னல் காஃப் என்ற தொற்று இருமலுக்கு ஊசி போட்டிருக்கிறதா என்று கேட்காமல் நாயைச் சேர்த்துக்கொள்கிற இடத்தை நான் நம்ப மாட்டேன். பின்பக்கம் போய்ப் பார்க்க விடாத இடத்தையும்தான்.

அக்டோபர் 16

கேரவன் பேச்சு கொஞ்சம் நிற்கட்டும். நாளையோடு புரட்டாசி முடிகிறது. சனிக்கிழமை நம் வீடுகளில் எல்லாம் மட்டன் பானை ஏறிவிடும், திங்கட்கிழமை தீபாவளி. நாய்கள் வெட்டிடம் போவது இந்த வாரத்தில்தான் ஆரம்பிக்கிறது.

ஒரு மாதம் விரதச் சோற்றோடு கிடந்த நாய் என்று பாவப்பட்டு எலும்பைப் போடாதீர்கள். வெந்த எலும்பு சில்லு சில்லாக உடையும், குடலைக் கிழிக்கும். கொழுப்பும் எண்ணெயும் மிதக்கும் கறிச்சாற்றை ஊற்றினால் கணையம் வீங்கி, முதுகை வளைத்துக்கொண்டு வலியில் நிற்கும். பிரியாணியில் கிடக்கும் வெங்காயம் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். நாயின் எடையில் கிலோவுக்கு 15 கிராமிலிருந்தே ஆபத்து. அதாவது பத்து கிலோ நாய்க்கு ஒரு பெரிய வெங்காயம் போதும். வதக்கினாலும் வறுத்தாலும் விஷம் போகாது.

நம்மவர்கள் நினைத்தே பார்க்காத ஒன்று சோஜி, அதாவது ரவைக் கேசரி. சோஜியில் திராட்சை போடுகிறோம், சேமியாவிலும் போடுகிறோம். உலர்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எத்தனை தின்றால் ஆபத்து என்று அளவு சொல்ல முடியாது. ஒரு நாய்க்கு ஒன்றும் ஆகாது, இன்னொன்று அதே அளவில் படுத்துவிடும். அதனால் "ரெண்டே ரெண்டு வாய்தான் தின்றது" என்றாலும் வெட்டுக்கு போன் செய்யுங்கள்.

கிளிம் பால்மாவு போட்ட பர்ஃபி வயிற்றைக் கலக்கும், அவ்வளவுதான். அதன் மேல் தூவுகிற மக்கடேமியாக் கொட்டைதான் தொல்லை. இந்த மாகாணத்தில் அது காய்த்துக் கொட்டுகிறது, தீபாவளிப் பார்சல் தட்டு தவறாமல் வருகிறது. தின்ற நாய்க்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் பின்னங்கால்கள் தள்ளாடும், வாந்தியும் காய்ச்சலும் வரும். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் தெளிந்துவிடும். ஆனால் சாக்லேட்டும் மக்கடேமியாவும் சேர்ந்த பெட்டி என்றால் அப்படி விட்டுவிட முடியாது. பத்து கிலோ நாய் 100 கிராம் மில்க் சாக்லேட் தின்றாலே கோளாறு தொடங்கும், கறுப்பு சாக்லேட் என்றால் 40 கிராமே அதிகம். சர்க்கரையில்லாத சூயிங்கத்தில் வரும் சைலிட்டால் இவை எல்லாவற்றையும்விடக் கொடியது. அரை மணி நேரத்திலேயே நாயின் சர்க்கரை அளவை இறக்கிவிடும். கைப்பையைத் தரையில் வைக்காதீர்கள்.

அக்டோபர் 17

வெடியைப் பற்றி ஒரு ஆயா ஸ்டாங்கரிலிருந்து கேட்டிருக்கிறார். அவர் நாய் போன வருஷம் கேட் இடுக்கில் நுழைந்து ஓடி, மறுநாள்தான் கிடைத்ததாம்.

ஆயா, வெளிச்சம் இருக்கும்போதே நாயை நடக்கக் கூட்டிப்போய், சோற்றையும் சீக்கிரம் வைத்துவிடுங்கள். அப்புறம் வீட்டின் நடுவில் உள்ள அறையில் விட்டுத் திரையை இழுத்துவிட்டு, டிவியைச் சத்தமாக வையுங்கள். அது கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தால் இழுக்க வேண்டாம், அங்கேயே கிடக்கட்டும். பயந்த நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் கூடிவிடும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள், அது சரியில்லை. உங்களை ஒட்டிக்கொண்டு படுத்தால் படுக்கட்டும்.

ரொம்பப் பயப்படுகிற நாய் என்றால் இன்றே வெட்டிடம் போங்கள். மருந்தை முன்கூட்டியே ஒரு தடவை கொடுத்து, அது எப்படி ஏற்கிறது என்று பார்த்துவிட வேண்டும். வெறுமனே உடம்பைத் தளர்த்துகிற மாத்திரை வேண்டாம், பயத்தைக் குறைக்கிற மருந்தாகக் கேளுங்கள். பழைய மயக்க மாத்திரை போட்ட நாயால் எழுந்து ஓட முடியாது, பயம் மட்டும் உள்ளே அப்படியே இருக்கும்.

தீபாவளியோடும் இது முடியாது. நவம்பர் 5 கை ஃபாக்ஸ் வெடி இரவு வருகிறது, அப்புறம் கிறிஸ்துமஸ், அப்புறம் புத்தாண்டு. நடுவில் மதியத்து இடிமழை வேறு. இந்த ஊரில் நாய்க்கு அக்டோபரிலிருந்து ஜனவரிவரை காது ஓயாது.

அக்டோபர் 22

தீபாவளி முடிந்தது. ராணி சமையலறையிலேயே தூங்கிவிட்டது. மணி என் காலடியில் நடுங்கிக்கொண்டே கிடந்தது, பத்தரைக்குத்தான் தண்ணீர் குடித்தது.

நேற்று எஸ்பிசிஏ விலங்குக் காப்பகத்துக்குப் பழைய போர்வைகள் கொடுக்கப் போனேன். கழுத்துப்பட்டை இல்லாமல் வந்து சேர்ந்த நாய்களைப் பார்க்கவே முடியவில்லை. எல்லாம் நன்றாக வளர்த்த நாய்கள், நகம் வெட்டியிருக்கிறது, பல் சுத்தமாக இருக்கிறது, ஆனால் யாருடையது என்று சொல்ல ஒன்றுமில்லை. தோலுக்கு அடியில் பதினைந்து இலக்கச் சிப் போட்டால் மட்டும் போதாது தம்பி. சிப் போட்ட பிறகு பதிவேட்டில் உங்கள் போன் நம்பரை ஏற்ற வேண்டும், நம்பர் மாறினால் மாற்ற வேண்டும். கழுத்துப்பட்டையில் ஒரு தகடும் இருக்கட்டும். முகாமில் தொலைந்த நாயைக் கண்டவர் கையில் சிப் படிக்கும் கருவி இருக்காது, போன் இருக்கும்.

நவம்பர் 9

பீனிக்ஸ் தம்பி கூட்டிப்போவது என்று முடிவு செய்துவிட்டாராம். சந்தோஷம். இனி வேலை உங்களுடையது.

முதலில் தங்கப்போகிற கேரவன் பார்க்கை அழைத்து நாய்க்கு அனுமதி உண்டா என்று கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். கடற்கரையோரப் பார்க்குகள் பலவற்றில் மற்ற மாதங்களில் விடுவார்கள், சீசனில் விட மாட்டார்கள். கிளப் தலைவர் "எல்லாம் பேசியாச்சு" என்று சொன்னது கேட்டருகே நிற்கும்போது உதவாது. க்ரூகர் போன்ற தேசியப் பூங்காக்களில் நாய்க்கும் பூனைக்கும் எந்த மாதத்திலும் இடமில்லை. க்ரூகருக்குப் போகிற கிளப் பயணம் என்றால் நாய் வீட்டில்தான். ஆட்கள் அங்கே போகிற வழியில் நாயைக் காரிலேயே ஒளித்துக் கொண்டுபோகப் பார்ப்பதாகக் கேள்விப்படும்போது எனக்குக் கோபம் வருகிறது. நம் நாயின் நோய் காட்டுநாய்க்கும் சிங்கத்துக்கும் ஒட்டும் என்பதற்காகத்தானே அந்த விதியே இருக்கிறது.

அடுத்தது வெறிநோய்த் தடுப்பூசி அட்டை. 1984ஆம் ஆண்டின் விலங்கு நோய்கள் சட்டப்படி நாய்க்கும் பூனைக்கும் இந்த ஊசி கட்டாயம். மூன்று மாதத்தில் முதல் ஊசி, அதிலிருந்து ஒரு வருஷத்துக்குள் இன்னொன்று, அதற்குப் பிறகு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை என்பது குறைந்தபட்சம். எங்கள் மாகாணமான க்வாசூலு நாட்டாலில் நோய் நாய்களிடையே நிலையாகவே சுற்றுகிறது என்பதால் எங்கள் வெட் வருஷா வருஷம் போடச் சொல்கிறார், போடுகிறோம். பணமில்லாதவர்கள் அரசு கால்நடைத் துறையின் முகாம்களுக்குப் போகலாம், அங்கே இலவசம். கேப் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று: 2024இல் அங்கே கடல்நாய்களுக்கே வெறிநோய் இருப்பது உறுதியானது. கடற்கரையில் படுத்திருக்கும் கடல்நாயிடம் உங்கள் நாயை மோப்பம் பிடிக்க விடாதீர்கள்.

நவம்பர் 23

கேரவனை இழுத்துக்கொண்டு போகும்போது நாய் எங்கே இருக்க வேண்டும் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். காரில்தான். கேரவனுக்குள் ஒருபோதும் கூடாது. வெளியிலிருந்து பார்க்க அழகாக ஓடுகிற கேரவனுக்குள் கப்போர்டு கதவு திறந்து தட்டுகள் பறக்கும். கேரவன் ஆட்டம் கண்டு கவிழ்ந்தால் உள்ளே இருக்கிற உயிர் தப்பாது. அதோடு உள்ளே வெயில் ஏறுவதும் உங்களுக்குத் தெரியாது.

காரில் நெஞ்சைச் சுற்றிக் கட்டும் பட்டையை சீட் பெல்ட்டில் மாட்டுங்கள், அல்லது கட்டிவைத்த கூண்டு. கழுத்துப்பட்டையில் மாட்டினால் பிரேக் அடிக்கும்போது கழுத்துதான் போகும். ஜன்னலில் தலையை நீட்ட விடுவதும் வேண்டாம், கரும்பு லாரியிலிருந்து சக்கை பறந்து வந்து கண்ணில் அடிக்கும்.

பெர்க் பக்கம், அதாவது டிராகன்ஸ்பெர்க் மலைக்குப் போகிறவர்கள் என்3 நெடுஞ்சாலையில் மூய் ரிவர் தாண்டும்வரை நிறுத்தாமல் போகப் பார்ப்பார்கள். நாய் இருந்தால் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்துங்கள். கார்க் கதவைத் திறப்பதற்கு முன்னால் கயிற்றை மாட்டுங்கள். நாய்கள் தொலைவது பெட்ரோல் பங்கில்தான்: பின்கதவை ஒரு பிள்ளை திறக்கும், நாய் குதிக்கும், லாரி ஹார்ன் அடிக்கும், அவ்வளவுதான்.

சாப்பிடப் போகும்போது காரில் விட்டுவிட்டு "அஞ்சு நிமிஷம்" என்று போவதைப் பற்றி: வெளியே 24 டிகிரி இருக்கும் இதமான நாளில் மூடிய காருக்குள் பத்து நிமிஷத்தில் 34 ஆகும், அரை மணியில் 43. டிசம்பர் மாதம் டர்பனில் வெயில் 24 டிகிரியோடு நிற்பதில்லை.

டிசம்பர் 7

இதைக் கேரவன்காரர்கள் எல்லோரும் படிக்க வேண்டும், அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

நாயைக் கேரவனுக்குள் விட்டு ஏசியைப் போட்டுவிட்டு மொத்தக் குடும்பமும் கடலுக்குப் போகிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் டிசம்பர் சீசனில் பார்க் நிறைந்திருக்கும், மதியம் ஒரு மணிக்கு எல்லாக் கேரவனிலும் ஏசி ஓடும், கெட்டில் கொதிக்கும், யாராவது இரண்டு தட்டு ஹாட்பிளேட்டைப் போடுவார்கள். உடனே உங்கள் வரிசைக்கான மின்பெட்டியில் ட்ரிப் விழும். மின்சாரம் போனது கடலில் நிற்கிற உங்களுக்குத் தெரியாது. மூடிய ஃபைபர் கூரைக் கேரவன் நேர்வெயிலில் நின்றால் உள்ளே கார் மாதிரியேதான்.

நான் பார்த்தேன். எங்களுக்கு இரண்டு இடம் தள்ளி ஒரு குடும்பம். அவர்கள் புல்டாக் உள்ளே குரைத்துக்கொண்டிருந்தது, அப்புறம் குரைக்கவில்லை. என் கணவர் போய்க் கண்ணாடியில் பார்த்தார். தரையில் கால்களைப் பரப்பிக்கொண்டு கிடந்தது, நாக்கு செங்கல் நிறம், வாயெல்லாம் கெட்டியான எச்சில். கதவை நெம்பித் திறந்தோம். நிழலில் போட்டு, குழாய்த் தண்ணீரை வயிற்றிலும் கால்களிலும் ஊற்றிக்கொண்டே இருந்தோம், கிளப் ஆட்கள் ஒரு கூடாரத் துணியை எடுத்து விசிறினார்கள். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விடக்கூடாது, சூடு உள்ளேயே நின்றுவிடும், ஊற்ற வேண்டும், விசிற வேண்டும். காரில் ஏசியை முழுக்க வைத்து வெட்டிடம் கொண்டுபோனார்கள். பிழைத்தது. மூக்கு சப்பையான நாய்களுக்கு மூச்சிரைத்து உடம்பைக் குளிரவைக்கிற வசதியே குறைவு, 41 டிகிரியைத் தாண்டிவிட்டால் உள்ளுறுப்புகள் கெட ஆரம்பித்துவிடும். அந்தக் குடும்பம் நல்ல குடும்பம், நாயைப் பிள்ளை போல வைத்திருந்தார்கள். அதனால்தான் எழுதுகிறேன், அக்கறை இல்லாதவர்களுக்கு மட்டும் நடக்கிற விஷயம் இல்லை இது.

நாய் கேரவனில் இருந்தால் ஒரு ஆள் முகாமில் இருக்க வேண்டும். எங்கள் கிளப்பில் இதற்கு முறை வைத்திருக்கிறோம், மதியம் இரண்டு பேர் மாறி மாறி. நாய் வளர்க்காதவர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். கிளப்போடு போவதில் எனக்குப் பிடித்ததே இதுதான்.

இன்னொன்று கேஸ். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழே போய்த் தரையோடு தேங்கும். அது வெளியேறத்தான் கேரவன் தரையில் ஓட்டை வைத்திருக்கிறார்கள். குளிர்காற்று வருகிறது என்று அந்த ஓட்டையின் மேல் நாய்ப் போர்வையை விரித்துவிடுகிறார்கள். நாய் தூங்குகிற உயரத்தில்தான் கேஸ் தேங்கும். போர்வையை நகர்த்துங்கள். குளிர்காலத்தில் பெர்க்கில் கேஸ் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு ஜன்னலையும் அடைத்துத் தூங்குவது மனிதருக்கும் ஆகாது.

டிசம்பர் 8

நேற்று எழுதியதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்: கிளம்பும் நாளில் கேரவனின் முன்பக்கத் தாங்கு சக்கரமான ஜாக்கி வீலைத் தூக்குவதற்கு முன் குனிந்து கேரவனுக்கு அடியில் பாருங்கள். நிழல் என்று நாய் அங்கேதான் படுத்திருக்கும்.

டிசம்பர் 20, முகாமிலிருந்து

சிக்னல் சரியில்லை, சுருக்கமாக. இந்த வருஷம் குரங்குகள் அதிகம். காலையில் ஒரு குரங்கு, கேரவனோடு சேர்த்துக் கட்டும் ராலி டென்ட்டின் ஜிப்பைத் திறந்து ரொட்டிப் பாக்கெட்டோடு போனது. ராணி கயிற்றில் இருந்ததால் தப்பித்தது. வெர்வெட் குரங்கைத் துரத்துகிற நாய், குரங்குக் கூட்டத்தில் மாட்டினால் கோரைப்பல் ஆழமாக இறங்கும், வெளியே சின்ன ஓட்டை, உள்ளே கிழிசல். குரங்குக் கடிக்குத் தையல் போட்டால் மட்டும் போதும் என்று நினைக்க வேண்டாம், வெட் பார்க்க வேண்டும்.

பிராய் (கறி சுடுவது) முடிந்ததும் மீலிக் கட்டைகளை, அதாவது தின்று முடித்த மக்காச்சோளக் கட்டைகளை, மூடியுள்ள தொட்டியில் போடச் சொல்லி எல்லா இடமும் ஒரு சுற்று போய்வந்தேன். கட்டையை நாய் முழுங்கிவிட்டால் குடலில் அடைத்துக்கொள்ளும், ஆபரேஷன்தான். சோசாட்டிக் கறி கோத்த குச்சியும் அப்படித்தான்.

டிசம்பர் 29

பீனிக்ஸ் தம்பியின் நாய்க்கு நேற்று ம்பேசி, அதாவது விஷம் துப்பும் நாகப்பாம்பு, கண்ணில் துப்பிவிட்டது. இப்போது நன்றாக இருக்கிறது, அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

சாயங்காலம், கழுவும் தொட்டிக்குப் பின்னால் மரக்கட்டைக் குவியல். நாய் மூக்கை நுழைத்தது. சீறல்கூடக் கேட்கவில்லை, நாய் மட்டும் பின்னால் துள்ளி முகத்தைப் புல்லில் தேய்த்தது. அந்தப் பெண், தம்பியின் மனைவி, ஒரு நொடி தயங்கவில்லை. முகத்தைத் தேய்க்க விடாமல் பிடித்துக்கொண்டு, குழாயை மெதுவாகத் திறந்து கண்ணில் ஓடவிட்டாள். கால் மணி நேரத்துக்கு மேல் ஓடியது. நாய் அலறியது, அவள் விடவில்லை. வெட் பச்சைச் சாயம் போட்டுப் பார்த்து, கருவிழியில் சின்னக் கீறல்தான் என்று சொட்டு மருந்து கொடுத்தார். கழுவத் தாமதமானால் கருவிழி வெந்து பார்வை போகும். பாலை ஊற்று என்று சுற்றி நின்றவர்கள் சொன்னார்கள். கையில் பால்தான் இருந்தால் ஊற்றலாம், ஆனால் குழாயை விட்டுவிட்டு பால் தேடி ஓடக் கூடாது.

கடித்திருந்தால் வேறு கதை. கட்டுப் போட வேண்டாம், கீற வேண்டாம், தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். மாம்பா, நாகம், பஃப் ஆடர் விரியன் ஆகிய பாம்புகளுக்கு ஒரே பாலிவேலன்ட் விஷமுறிவு மருந்து. நைட் ஆடர் என்ற பாம்பின் கடிக்கு அது வேலை செய்யாது. அந்தக் கடியில் முகம் பூசணியளவு வீங்கினாலும் பெரும்பாலான நாய்கள் பிழைத்துவிடும், வலிக்கும் வீக்கத்துக்கும்தான் வைத்தியம். பாம்பைப் பிடிக்கவோ அடிக்கவோ போக வேண்டாம். தூரத்திலிருந்து போனில் ஒரு படம் எடுக்க முடிந்தால் வெட்டுக்கு உதவும். மருந்து எல்லா இடத்திலும் இருப்பதில்லை, கிளம்புவதற்கு முன்பே அழைத்துக் கேளுங்கள். முகாமுக்குப் போன அன்றே அருகிலுள்ள இரவு வெட்டின் நம்பரை கிளப் பலகையில் எழுதி ஒட்டுவது எங்கள் வழக்கம். நேற்று அது உதவியது.

2026 ஜனவரி 11

எல்லோரும் வீடு வந்து சேர்ந்தாச்சு, நாய் நன்றாக இருக்கிறது என்று படங்கள் வருகின்றன. இன்னும் இரண்டு வாரம் கண்ணை எடுக்காதீர்கள்.

பிலியரி என்று நாம் சொல்கிற உண்ணிக் காய்ச்சல் கடித்த அன்றே வராது. பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் தலைகாட்டும். முகாம் புல்லில் ஏறிய உண்ணியால், வீட்டுக்கு வந்த பிறகுதான் காய்ச்சல் வரும். பபீசியா ராசி என்ற கிருமி, இந்த நாட்டில் இருப்பது அந்த வகையிலேயே மோசமானது. ரத்தச் சிவப்பணுக்குள் புகுந்து உடைத்துவிடும். சோற்றைத் திரும்பிப் பார்க்காத நாய், கூப்பிட்டால் மெதுவாக எழும் நாய், உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்திருக்கும், சிறுநீர் கறுத்த தேநீர் நிறம். 39.2 டிகிரிக்கு மேல் காய்ச்சல். அன்றைக்கே போங்கள். ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தெரிந்துவிடும், ஊசி உண்டு. ரெண்டு நாள் பார்ப்போம் என்று இருந்தால் ரத்தம் ஏற்ற வேண்டிவரும்.

உண்ணி மாத்திரை கொடுத்திருக்கிறேன் என்பவர்களும் தினம் கையால் தடவிப் பாருங்கள். உண்ணி கடித்த பிறகுதான் அந்த மாத்திரைகள் வேலை செய்யும். காதுக்குள், விரல் இடுக்கில், வாலுக்கு அடியில், கழுத்துப்பட்டைக்குக் கீழே. ராணிக்கு முந்தாநாள் காது மடிப்பில் ஒன்று எடுத்தேன், பருப்பளவு, இன்னும் ரத்தம் குடித்திருக்கவில்லை. தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றுவது, சிகரெட்டால் சுடுவது எல்லாம் வேண்டாம்.

ஜனவரி 14

அக்டோபர் 13 குறிப்பைத் திரும்பப் படித்தேன். நாயைப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்று எழுதியிருந்தேன். இப்போது கிளப்பையும் பார்த்துச் சொல்வேன். புல்டாக்கைக் காப்பாற்றியது பக்கத்து இடத்துக்காரர்கள், ம்பேசி நாளில் காரை ஓட்டியது நாய் என்றாலே ஒதுங்கி நிற்கிற ஒரு அண்ணன். நாய் கயிறு நடைபாதையில் கிடப்பது, இரவில் குரைப்பு, கழிவை அள்ளாமல் போவது, இந்த மூன்றும் இருந்தால் அந்த அண்ணன் அன்றைக்கு எழுந்திருக்க மாட்டார். நாய்க்குப் பயப்படுகிறவர்களிடம் "ஒன்றும் செய்யாது" என்று சொல்லிக்கொண்டிருக்காமல் கயிற்றைச் சுருக்கிப் பிடியுங்கள்.

ஜனவரி 19

பூனையைக் கேட்டவர்களுக்கு: பெரும்பாலான பூனைகளுக்கு வீடுதான் எல்லாம். ஆளை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், பூனையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். வெங்காயம் பூனைக்கு நாயைவிடக் குறைந்த அளவிலேயே விஷம். விளக்குப் பூஜைக்கு லில்லிப் பூ வாங்கினால் பூனை இருக்கிற வீட்டில் வைக்க வேண்டாம், மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும்.

ஈஸ்டருக்கு இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே தெற்கே இறங்கலாம் என்று கிளப்பில் பேச்சு. பெரிய வெள்ளி ஏப்ரல் 3. கோயில் கூட்டத்தில் நாயோடு நிறுத்த முடியாது, அதனால் நாய் வைத்திருப்பவர்கள் முதல்நாளே முகாமுக்கு நேராகப் போகிறோம், ஒரு குடும்பம் மாறி ஒரு குடும்பமாகக் கோயிலுக்கு வருவோம். நாய் விடுகிற பார்க்கில் நாற்பது பேருக்கு இடம் கேட்டு எழுதியிருக்கிறேன். சேர்கிறவர்கள் இந்த மாதம் முடிவதற்குள் ஊசி அட்டையின் படத்தோடு பெயர் கொடுங்கள்.